பாண்டீஸ்வரி அடிச்ச பத்திரிகை

ஒரு மாசமா மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டு இருந்தேன். இனிமே முடியாது, சொல்லிருதேன். பாண்டீஸ்வரிகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லுதேன். தாராளமா சொல்லுக்கா, ஓனர் அண்ணாச்சி காதுக்குப் போனாலும் போகட்டும்னுட்டா.

என் பேரு அழகுத்தாய். ராஜபாளையத்துல ஒரு ஆஃப்செட் பிரஸ்ல கட்டிங் மிஷினும் பத்திரிகை மடிப்பும் என் பொறுப்பு. எனக்கும் பாண்டீஸ்வரிக்கும் நடுவுல ஒரு பிளைவுட் தடுப்பு மட்டுந்தான். இருபத்திரண்டு வருசமா அந்தப் பக்கம் அவ அடிக்கா, இந்தப் பக்கம் நான் வெட்டுதேன். இந்த வட்டாரத்துல எந்த வீட்டுல கல்யாணம், எந்த வீட்டுல காதுகுத்து, யாரு யாரோட பேச்சுவார்த்தை இல்லைங்கிறது எங்க ரெண்டு பேருக்கும் அத்துப்படி. பத்திரிகையில யாரு பேரு விட்டுப்போச்சுன்னு பாத்தாலே தெரிஞ்சுபோகும்.

பாண்டீஸ்வரிக்குச் சொந்த ஊரு மம்சாபுரம். அவ வீட்டுக்காரர் தளவாய்புரத்துல நைட்டி தைக்கிற கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருந்தாரு. மக இந்துவுக்கு மூணு வயசு நடக்கும்போது மஞ்சக்காமாலை கண்டு, பத்து நாள்ல மனுசன் போயிட்டாரு. இவ மூலையில முடங்கிக் கிடக்கல. ஆறு மாசம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயி தமிழ் டைப் படிச்சா. அப்பிடியே எங்க பிரஸ்ல வந்து கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தவதான்.

பேச மாட்டா. நான் பத்து வார்த்தை பேசினா அவ ஒரு 'ம்' போடுவா. எனக்கு அதுலயே பாதி நாள் கோவம் வரும். ஆனா வேலையின்னா வேலை. ஒரு தடவை பெரிய இடத்துக் கல்யாணம், முகூர்த்தம் வெள்ளிக்கிழமைன்னு எழுதிக் குடுத்திருந்தாவ. இவ காலண்டரப் புரட்டிப் பாத்துட்டு அந்தத் தேதி வியாழக்கிழமைல்லா வருதுன்னு கேட்டா. அந்த வீட்டுப் பெரியவர் வேர்த்துப்போயி உக்காந்துட்டாரு. ஒரு இனிஷியல் சந்தேகம்னாக்கூட போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் அடிப்பா. இருபத்திரண்டு வருசத்துல அவ கையில ஒரு எழுத்து தப்பினது கிடையாது. இதை நீங்க மனசுல வச்சுக்கிடணும்.

அப்பா இல்லாத இந்துவ ஒத்தையா வளத்து நர்ஸுக்குப் படிக்க வச்சா. ரெண்டு வருசத்துக்கு முன்னால அந்தப் பிள்ளை கூட வேலை பாத்த எட்வினைத்தான் கட்டுவேன்னு நின்னுச்சு. நல்ல பையன். வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போறவன். பாண்டீஸ்வரி ஒரு நாள் யோசிச்சா, மறுநாள் சரின்னுட்டா. ஆனா மம்சாபுரத்துல இருக்கிற அவ கூடப்பிறந்த அண்ணன், அவளத் தூக்கி வளத்தவரு, எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தியே கிடையாதுன்னு சொல்லிவிட்டுட்டாரு. எங்க பக்கத்துல தாய்மாமன் வந்து மாலை போடாம பொண்ணை மணையில உக்கார வைக்க மாட்டாவ. சீர்த்தட்டோட, மேளத்தோட மாமன் வாசல்ல வந்து நிக்கணும், கூடப்பிறந்தவ போயி 'வாங்கண்ணே'ன்னு கூப்பிட்டுத் தட்டை வாங்கணும். கடைசி நிமிசம் வரைக்கும் மண்டபத்து வாசலையே பாத்துக்கிட்டு நின்னா. யாரும் வரல. பொறவு பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு மாமன் மாலையப் போட வச்சோம். எனக்கு அழுகையா வந்துச்சு. அவ கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல. மறுநாள் காலையில ஒம்பது மணிக்கு பிரஸ்ல வந்து உக்காந்துட்டா.

இப்ப சாம்சன் சார் கதைக்கு வாரேன். ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுல ஒரு பழைய பஞ்சு ஜின்னிங் பேக்டரி பூட்டிக் கிடக்குல்லா, அந்தக் குடோனை நாடகம் போட, படம் மாட்ட, பாட்டுப் படிக்க ஒரு கலைக்கூடமா ஆக்கணும்னு நாலு வருசமா நாயா அலைஞ்சாரு. குடோனுக்குச் சொந்தக்காரர் ஒரு மில்லுக்காரர். இன்னொரு பக்கம் கல்யாண மண்டபம் கட்டணும்னு ஒரு பார்ட்டி அவரைச் சுத்திக்கிட்டே இருந்துச்சு. சார் விடல. பேரெடுத்த கலைஞர்கள் மூணு பேருக்கு எழுதிப் போட்டாரு. நாடகத்துல பெரிய கிருபாபாய் அம்மா, வெளிநாட்டுலயெல்லாம் படம் மாட்டியிருக்கிற ஓவியர் ஜெர்வின், டிவியில பாடுதாருல்லா தவசிமுத்து, அவரு. மூணு பேருமே உங்க முயற்சிக்கு எங்க ஆதரவு உண்டுன்னு கடுதாசி எழுதி அனுப்பிட்டாவ. மில்லுக்காரர் பாத்தாரு. இந்த மூணு பேரும் திறப்புவிழாவுக்கு நேர்ல வந்தா அன்னைக்கே பத்து வருசத்துக்குக் குத்தகை எழுதித் தாரேன், வரலைன்னா மண்டபத்துக்காரனுக்குக் குடுத்துருவேன்னு சொல்லிட்டாரு.

சார் பத்திரிகை அடிக்க எங்ககிட்டத்தான் வந்தாரு. கல்யாணப் பத்திரிகை மாதிரியே இருக்கணும்மா, ஊரே நம்ம வீட்டு விசேசம்னு நினைச்சு வரணும்னு பாண்டீஸ்வரிகிட்ட சொன்னாரு. கையெழுத்துல எழுதிக் குடுத்த தாள்ல கீழ 'ஆதரவு'ன்னு போட்டு மூணு பேரையும் எழுதியிருந்தாரு. எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. புதுசா ஆரம்பிக்க மாட்டோம், அளவு சரியா இருக்கிற பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைலைத் திறந்து அது மேலயே புதுசை அடிச்சுருவோம். அவளும் அப்பிடித்தான் அடிச்சா. சார் புரூஃப் வாங்கி, மூக்குக்கண்ணாடியப் போட்டு, மூணு பேரோட பேரையும் எழுத்து எழுத்தாத் தடவிப் பாத்து, 'சரி'ன்னு கையெழுத்துப் போட்டாரு. பிளேட்டு, அதான் அச்சுத் தகடு, போட்டு அச்சாச்சு. ஆயிரத்து இருநூறு பத்திரிகையையும் இந்தக் கையாலதான் மடிச்சேன். சார் ஆள் விட்டு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டு ஊர்லயும் வீடு வீடாக் குடுத்துட்டாரு.

வியாழக்கிழமை காலையில எங்க ஓனர் சுயம்புலிங்கம் அண்ணாச்சி ஒரு பத்திரிகையக் கொண்டாந்து என் மேசையில பொத்துன்னு போட்டாரு. கீழ படின்னாரு. படிச்சேன். நாடகக் கலைஞர் கிருபாபாய், ஓவியர் ஜெர்வின், பாடகர் தவசிமுத்துன்னு சரியாத்தானே இருக்குன்னேன். அதுக்கு மேல படின்னாரு.

மேல, 'ஆதரவு'ன்னு இருக்க வேண்டிய இடத்துல, 'தாய்மாமன்'னு இருந்துச்சு.

அப்பிடியே ஸ்டூல்ல உக்காந்துட்டேன். ஆயிரத்து இருநூறு தடவை என் கண்ணு முன்னால போயிருக்கு, நான் ஒரு தடவை படிச்சேனா? பத்திரிகை வந்தா நாம என்ன பாக்கோம்? நம்ம பேரு இருக்கா, எந்த வரிசையில இருக்குன்னு பாப்போம். தலைப்பை எவன் படிக்கான். சாரும் படிக்கல, குடுத்த ஆளும் படிக்கல. வாங்கின ஊரு படிச்சிருச்சு.

அதுக்குள்ள வாட்ஸ்அப்ல எல்லா குரூப்புலயும் சுத்த ஆரம்பிச்சிருச்சு. குடோனுக்குக் காதுகுத்தான்னு ஒருத்தன் கேக்கான். கிருபாபாய் அம்மா எப்ப மீசை வச்சாவன்னு இன்னொருத்தன். மாமன் கிடா வெட்டுதாரா, எனக்கு ஒரு தொடைன்னு வேற ஒருத்தன். என் வீட்டுக்காரரே சிரிச்சாரு. அன்னைக்கு அவருக்குச் சோறு வைக்கல.

அண்ணாச்சி தடுப்புக்கு அந்தப் பக்கம் போயி, அந்த மூணு பேரும் கோவிச்சுக்கிட்டு வராம இருந்தா திங்கக்கிழமை நீ வேலைக்கு வராதன்னு பாண்டீஸ்வரிகிட்ட சொல்லிட்டாரு. விழா ஞாயித்துக்கிழமை. எனக்கு வந்துச்சே கோவம். புரூஃப்ல சாரு கையெழுத்து இருக்கு, மடிச்சவ நான் இருக்கேன், மிஷின் ஓட்டினவன் இருக்கான், அவ ஒருத்தி மட்டும் ஏன் போகணும்னு சத்தம் போட்டேன். அவரு, ஊரு சிரிக்குது அழகுத்தாயி, கல்யாணச் சீசன்ல எவன் நம்மகிட்ட வருவான்னு தலையில கைய வச்சுட்டாரு. அவ என்ன சொன்னா தெரியுமா? சரி அண்ணாச்சின்னா. அம்புட்டுதான்.

சாம்சன் சார் மத்தியானம் வந்தாரு. முகம் வெளிறிப்போயிருந்துச்சு. அவளை ஒரு வார்த்தை திட்டல. புரூஃபை வாங்கித் தன்னோட கையெழுத்தையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. பொறவு எங்க முன்னாலயே போன் போட்டாரு. தவசிமுத்து போன் அணைஞ்சு கிடந்துச்சு. ஜெர்வினோட உதவியாளர் எடுத்து, சார் பாத்துட்டாருன்னு மட்டும் சொல்லி வச்சுட்டாரு. கிருபாபாய் அம்மா எடுத்தாவ. சாரு மன்னிப்பு கேக்க வாயத் திறக்குமுன்ன, இதை அடிச்சது யாருன்னு கேட்டாவ. பிரஸ்ல ஒரு பொம்பளை, தெரியாமப் பண்ணிட்டாங்கன்னாரு. அந்த அம்மா போனை வச்சுட்டாவ. சார் நாலு வருசம்மான்னு என்னைப் பாத்துச் சொன்னாரு.

வெள்ளியும் சனியும் அவ பாட்டுக்கு வேலை பாத்தா. ஏட்டி, அந்த அம்மாவுக்கு ஒரு போனைப் போட்டு அழு, பொம்பளைக்குப் பொம்பளை இரங்க மாட்டாவளான்னேன். மாட்டேன்னு தலையாட்டினா. இவளுக்கு என்ன திமிருன்னு நினைச்சேன். சனிக்கிழமை சாயங்காலம் தன்னோட டிபன் டப்பா, செருப்பு, சாமி படம் எல்லாத்தையும் ஒரு பையில எடுத்து வச்சுக்கிட்டா.

ஞாயித்துக்கிழமை நீ அங்க வரவேண்டாம்னு அண்ணாச்சி அவகிட்ட சொல்லியிருந்தாரு. நாந்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். என்ன நடந்தாலும் கண்ணால பாத்துட்டுப் போவோம், வா. ரெண்டு பேரும் உள்ள போகல. பேக்டரி வாசல்ல பஞ்சு லாரியெல்லாம் ஏறி நிக்கிற பழைய எடைமேடை மேல ஒதுங்கி நின்னோம். பத்து மணி விழா. கூட்டம் சேந்துருச்சு, பாதிப்பேரு வேடிக்கை பாக்க வந்தவன். மில்லுக்காரர் முன்வரிசையில உக்காந்து வாட்சைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. மண்டபத்துப் பார்ட்டியும் வெள்ளையும் சொள்ளையுமா பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு. பத்தேகால் ஆச்சு. பத்தரை ஆச்சு. சாம்சன் சார் வாசலுக்கும் மேடைக்குமா நடந்து நடந்து சட்டை முதுகோட ஒட்டிக்கிருச்சு. மண்டபத்துக்காரன் எந்திரிச்சு மில்லுக்காரர் காதுல என்னமோ சொல்லப் போனான்.

அப்பதான் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமா இருந்து மேளச்சத்தம் கேட்டுச்சு.

ஏதோ கோயில் ஊர்வலம்னு நினைச்சேன். முன்னால ஒருத்தர் தலையில உருமாக் கட்டிக்கிட்டு, அவரே தப்படிச்சுக்கிட்டு வாரார். பக்கத்துல வந்த பொறவுதான் தெரியுது, தவசிமுத்து! அவருக்குப் பின்னால வரிசையா பொம்பளைகளும் ஆம்பளைகளும் தலையில தாம்பாளம். ஜெர்வின் சார் பட்டுவேட்டி கட்டிக்கிட்டு மாலையோட வாரார். நடுவுல கிருபாபாய் அம்மா. பட்டுச்சேலைக்கு மேல தோள்ல துண்டு, தலையில உருமா, கழுத்துல மாலை, உதட்டுக்கு மேல இம்புட்டுப் பெரிய மீசை, மையில வரைஞ்சது. கூட்டத்துல ஒருத்தன் கை தட்டல. ஒருத்தன் சிரிக்கல. வாயப் பிளந்துக்கிட்டு நிக்கான் அம்புட்டுப் பேரும்.

தட்டையெல்லாம் எட்டிப் பாத்தேன். ஒண்ணுல பழம், ஒண்ணுல பால்கோவா, வழக்கமா வைக்கிறதுதான். அடுத்த தட்டுல பிரஷ்ஷும் பெயிண்ட் டப்பாவும். அதுக்கடுத்ததுல சலங்கை. ஒரு பெரிய தாம்பாளத்துல சிவப்பு வெல்வெட்ல நாடகத் திரைச்சீலை, மடிச்சு மேல பூ வச்சு. கடைசித் தட்டுல ஒரு பட்டுச்சேலை.

கிருபாபாய் அம்மா வாசல்படியில வந்து நின்னாவ. உள்ள கால் வைக்கல. சாம்சன் சார் ஓடிப்போயி, மன்னிச்சிருங்கம்மா, அச்சுல தப்பாயிருச்சுன்னு குளறினாரு. அந்த அம்மா கையக் காட்டி நிறுத்துனாவ. மேடையில பேசிப் பழகின குரலு, எடைமேடை வரைக்கும் கேட்டுச்சு.

"வாழ்த்த வந்திருந்தா ரெண்டு வார்த்தை பேசிட்டு மத்தியான ரயிலுக்குப் போயிருப்பேன். நீங்க மாமன்னு போட்டுட்டிய. மாமன் ஒரு நாள்ல முடிச்சுட்டுப் போக முடியுமா? நாங்க மூணு பேரும் வருசா வருசம் வந்து இங்க பத்து நாள் தங்கி சொல்லிக்குடுக்கப் போறோம், எங்களுக்குள்ள பேசியாச்சு. மாமன் வந்து வாசல்ல நிக்கேன். தட்டை வாங்க எங்க தங்கச்சி எங்க?"

சார் மில்லுக்காரரைப் பாக்காரு, மில்லுக்காரர் அண்ணாச்சியப் பாக்காரு, அண்ணாச்சி தரையப் பாக்காரு. தங்கச்சிக்கு எங்க போக. எனக்குத் தெரியும் யாருன்னு. என் பக்கத்துலதான் நிக்கா, அந்த வார்த்தையக் கேட்டதும் என் கையை நகம் பதியப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு வாய் நிக்குமா?

"இந்தா நிக்கா. இவதான் அடிச்சா."

கூட்டம் திரும்பிப் பாத்துச்சு. காட்டிக் குடுத்துட்டோமோன்னு அந்த நிமிசம் எனக்கே பயம் வந்துருச்சு. பாண்டீஸ்வரி என்னை எரிச்சுருத மாதிரி பாத்தா. பொறவு சேலை முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு, எடைமேடையில இருந்து இறங்கி, அம்புட்டுக் கூட்டத்துக்கு நடுவுல மெதுவா நடந்து போனா. அந்த அம்மாவுக்கு நேரா நின்னா. மீசை வச்ச முகத்தைப் பாத்து, கையக் கூப்பி, "வாங்கண்ணே"ன்னா.

அதுக்கும் யாரும் சிரிக்கல. கிருபாபாய் அம்மா பட்டுச்சேலைத் தட்டை அவ கையில குடுத்தாவ. இவ அதை வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அழுதா பாருங்க, ரெண்டு வருசமா அடக்கி வச்ச அழுகை. அந்த அம்மாவும் கண்ணைத் துடைச்சு, மீசை கன்னம் வரைக்கும் இழுவிக்கிருச்சு. அப்பிடியே அவ தோள்ல கையப் போட்டுக்கிட்டு உள்ள போனாவ. மில்லுக்காரர் தன் கணக்குப்பிள்ளைகிட்ட தெலுங்குல என்னமோ சொன்னாரு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலயே பத்து வருசத்துக்கு எழுதிக் கையெழுத்தாயிருச்சு. மண்டபத்துப் பார்ட்டி எப்ப எந்திரிச்சுப் போச்சுன்னு யாரும் கவனிக்கல.

திங்கக்கிழமை அண்ணாச்சியே கடையில போயி டீ வாங்கிட்டு வந்து அவ மேசையில வச்சாரு. ஊர்ல எல்லாருக்கும் இந்தக் கதை இதோட முடிஞ்சுது. எனக்கு முடியல.

அன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் போன பொறவு, வெட்டுற அளவு ஒண்ணு கேக்க தடுப்புக்கு அந்தப் பக்கம் போனேன். அவ அந்தக் கலைக்கூடப் பத்திரிகைய எந்த ஃபைல் மேல அடிச்சாளோ அதைத் திறந்து வச்சிருந்தா. மேல மாத்தாத பழைய ஃபைல் பேரு தெரிஞ்சுது. 'இந்து கல்யாணம்'.

எனக்கு ஒரு நிமிசம் விளங்கல. இந்து பத்திரிகையையும் நாந்தானே மடிச்சேன், அதுல தாய்மாமன்ங்கிற தலைப்பே கிடையாதேன்னேன். அது பொறவு அடிச்சதுக்கா, இது மொத ஃபைலுன்னா. அண்ணன் வாரேன்னு நம்பி அவரு பேரைப் போட்டு அடிச்சாளாம். வரமாட்டேன்னு சொன்ன அன்னைக்குப் பேரை மட்டும் அழிச்சாளாம். தலைப்பை அழிக்கலையாம். அச்சுக்கு வேற ஃபைலைக் குடுத்துட்டு இதை அப்பிடியே வச்சுக்கிட்டாளாம்.

அவ முதுகைத் தடவிக் குடுத்து, அதான் ஏட்டி, சாரு வேலைக்கு இதைத் திறந்தப்ப தலைப்பு அப்பிடியே ஒட்டிக்கிட்டு வந்துருச்சு, நீயும் பாக்காம விட்டுட்டன்னு சொன்னேன்.

அவ திரும்பி என் முகத்தைப் பாத்தா.

"பாத்தேன்க்கா. பிளேட்டுக்குக் குடுக்கிற அன்னைக்கே பாத்தேன். ரெண்டு வருசமா அந்த எழுத்துக்குக் கீழ ஆளே இல்லாமக் கிடந்துச்சு. மூணு பேரு வந்து நின்னாவ. அழிக்கக் கை வரல."

ஓங்கி ஒரு அறை விடணும் போல வந்துச்சு எனக்கு. சத்தியமாச் சொல்லுதேன். சாரோட நாலு வருசம், அந்தக் கட்டடம், இவ சோறு, எல்லாத்தையும் ஒரு வார்த்தைக்காகப் பணயம் வச்சிருக்கா, எழுத்து தப்பாத மகராசி. அந்த மூணு பேரும் வராமப் போயிருந்தா என்னடி பண்ணியிருப்பன்னு கத்தினேன். சாருகிட்ட போயி உண்மையச் சொல்லி கால்ல விழுந்துட்டு, திங்கக்கிழமை வராம இருந்திருப்பேன்னா. பைய எடுத்து வச்சுட்டேன்ல, நீ பாக்கலையான்னு என்னையே கேட்டா.

பொறவு அவ பாட்டுக்குத் திரும்பி, அந்தத் தலைப்பையும் கீழ இருந்த மூணு பேரையும் அப்பிடியே வச்சு, சேவ் பண்ணி மூடிட்டா. நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து மிஷின் முன்னால உக்காந்தேன். வெட்ட வேண்டிய காகிதம் அம்பாரமா கிடந்துச்சு. மொதக் கட்டை எடுத்தேன், வெட்டுறதுக்கு முன்னால மேல இருந்த தாளைத் தலைப்புல இருந்து ஒவ்வொரு எழுத்தாப் படிச்சேன்.